ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பூச்சிமருந்துக்கடை: கடன் கிடையாது, ஆனா பறிப்பு எப்பன்னு கேக்குறாரு

காய்கறி வெள்ளாமை பண்றவங்களுக்கு மட்டும்தான் இந்த ரிவ்யூ, மாடித்தோட்டம் ரோஜாச்செடி ஆளுங்க ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிரலாம். கடை பேரை போடல, குறையும் சொல்லப்போறேன், நாளைக்கு அந்த ஆள் மூஞ்சில முழிக்கணும்ல. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு போட்டுட்டு திரும்பி வர்ற வழியில இருக்குற உரக்கடைகள்ல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. உள்ளூர்க்காரங்ககிட்ட கேட்டா, "ஓ அந்த நோட்டீஸ் படிக்கச் சொல்றவரு கடையா"ன்னு சிரிச்சுக்கிட்டே கைய காட்டுவாங்க.

நமக்கு கத்திரியும் தக்காளியும், ஓரத்துல கொஞ்சம் வெண்டை. இந்தப் பக்கம் மருந்துக்கடைக்கு போனா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். சொத்தைக் காய் ஒண்ணையும் சுருண்ட இலை ரெண்டையும் கவர்ல போட்டு எடுத்துட்டு போவோம், கடைக்காரர் அதை கையில வாங்கிக்கூட பாக்காம பின்னாடி திரும்பி மூணு பாட்டில் எடுத்து வைப்பாரு, புழுவுக்கு ஒண்ணு, சாறு உறிஞ்சுற பூச்சிக்கு ஒண்ணு, செடி பச்சை கட்ட டானிக் ஒண்ணு, கூடவே ஒட்டுறதுக்கு ஸ்டிக்கர் பசை, "எல்லாத்தையும் ஒரே டேங்க்ல கலந்து விட்ருங்க, டேங்குக்கு ஒரு மூடி"ன்னு சொல்லி நோட்டுல கணக்கு எழுதிக்குவாரு, அவ்ளோதான். என்ன பயிருன்னு கேட்டாலே பெரிய விஷயம்.

இந்தக் கடையில முதல் கேள்வியே வேற. "பறிப்பு ஆரம்பிச்சாச்சா? அடுத்த பறிப்பு என்னைக்கு?" இத கேட்டுட்டுத்தான் அலமாரி பக்கமே திரும்புறாரு. கடைக்கு நான் குடுக்குற மார்க்குல பாதி இந்த ஒரு கேள்விக்குத்தான்.

ஏன்னு சொல்றேன். மருந்து அடிச்சா காய்ல இருக்குற விஷம் குறையுற வரைக்கும் இத்தனை நாள்னு காத்திருந்துதான் பறிக்கணும். குளோரான்ட்ரானிலிப்ரோல், எல்லாருக்கும் தெரிஞ்ச புழு மருந்து, தக்காளிக்கு அடிச்சா 3 நாள் கழிச்சு பறிக்கலாம். அதே மருந்து, அதே பாட்டில், கத்திரிக்கு அடிச்சா 22 நாள் கழிச்சுதான் பறிக்கணும். மருந்தோட மடிச்சு வர்ற நோட்டீஸ்ல பயிர் வாரியா கட்டம் போட்டு இருக்கு, வெண்டைக்கு 5 நாள், பாகலுக்கு 7 நாள்னு வரிசையா. கத்திரி 4, 5 நாளைக்கு ஒரு தடவை பறிக்கிற பயிரு, 22 நாள் விட்டா காய் முத்தி விதைக்குத்தான் ஆகும். அப்ப என்ன அர்த்தம்? பறிப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அடிச்சா சரி, பறிப்பு ஓடிட்டு இருக்கும்போது அந்த மருந்தை தொடவே கூடாது. ஆனா எங்க ஏரியால கத்திரிக்கு காய்ப்புழு வந்தா கைக்கு முதல்ல வர்றதே அதுதான், சாயங்காலம் அடிச்சுட்டு மறுநாள் விடிய பறிச்சு மூட்டை கட்டுறாங்க. இவரு பறிப்பு ஓடுதுன்னு சொன்னா எமாமெக்டின் பென்சோயேட் எடுத்து குடுக்குறாரு, அதுக்கு கத்திரில 3 நாள்தான் காத்திருக்கணும். பறிச்ச அன்னைக்கு சாயங்காலம் அடிச்சா அடுத்த பறிப்புக்குள்ள நாள் கடந்துரும், நஷ்டமும் இல்ல.

இதுல நம்ம ஆளுங்கள முட்டாளுன்னு சொல்றது எனக்கு புடிக்காது. டவுன்ல இருந்து வந்து பேசுறவங்க "விவசாயிக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க. எங்க பக்கத்து காட்டு அண்ணன் கத்திரிக் கொழுந்து வாடித் தொங்குறத வரப்புல நின்னே பாத்துட்டு உள்ள புழு எந்த சைஸ்ல இருக்கும்னு சொல்லிருவாரு, கிள்ளிப் பாத்தா அப்படியே இருக்கும். அமாவாசை ஒட்டி அந்துப்பூச்சி முட்டை வைக்கும்னு அவருக்கு ஒரு கணக்கு, வெள்ளை ஈ எந்தக் காத்துக்கு பெருகும்னு ஒரு கணக்கு. பூச்சியப் பத்தி அவருக்கு தெரியாதது கம்மி. மருந்தைப் பத்தித்தான் தெரியாது, ஏன்னா மருந்தைப் பத்தி அவருக்கு பேசுற ஒரே ஆளு கடைக்காரர், அந்தக் கடைக்காரர் பேசுறது விலையும் "நல்லா கேக்கும்"ங்குறதும் மட்டும்தான். தோட்டக்கலை ஆபீசர் ஒருத்தர் எத்தனை கிராமத்தை சுத்துவாரு பாவம்.

கவுண்டர்ல நான் நிக்கும்போது ஒரு பெரியவர் வந்து, "தம்பி நல்ல காட்டமானதா ஒண்ணு குடு, சிவப்பு முக்கோணம் போட்டது"ன்னு கேட்டாரு. இது நிறைய பேருக்கு இருக்குற நினைப்பு, சிவப்புன்னா பவர், பச்சைன்னா டம்மி. கடைக்காரர் ரெண்டு டப்பாவ எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சாரு. "ஐயா, இந்த கலரு புழுவுக்கு இல்ல, உங்களுக்கு. சிவப்புன்னா கொஞ்சம் உள்ள போனாலே ஆளு காலி, அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சைதான் இருக்குறதுலயே விஷம் கம்மி. இந்த பச்சை முக்கோணத்துக்காரன்தான் இன்னைக்கு புழுவுக்கு சிவப்ப விட நல்லா கேக்குறான்." பெரியவர் நம்பல. பச்சை முக்கோணத்தை திருப்பி திருப்பி பாத்துட்டு, "வேலை செய்யலன்னா திருப்பிக் குடுப்பேன்"னு சொல்லி வாங்கிட்டு போனாரு. ஆனா ஒண்ணு, பச்சைன்னா தண்ணி மாதிரின்னு எடுத்துக்கக் கூடாது, அதுக்கும் கையுறை வேணும், அதுக்கும் காத்திருக்குற நாள் உண்டு. மேல சொன்ன 22 நாள் மருந்தே பச்சை முக்கோணம்தான்!

அடுத்து எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், மார்க்கர் பேனா. பில் போட்டதும் பாட்டில் மேல கருப்பு மார்க்கர்ல பெருசா எழுதிக் குடுக்குறாரு: பயிரு, 16 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு, எத்தனை நாள் பறிக்கக் கூடாது. மூணே விஷயம். லேபிள்ல இருக்குற எழுத்து கண்ணாடி போட்டாலும் தெரியாது, உள்ள மடிச்சு வச்சிருக்குற நோட்டீஸ்ல தமிழ் இருக்கும், ஆனா பல மொழிக்கு நடுவுல எங்க இருக்குன்னு தேடுறதுக்குள்ள டேங்க் ரெடியாயிரும், காத்துல பறந்துரும். முக்கியமா ஒண்ணு, கடைக்கு போறது ஒருத்தர், மருந்து அடிக்கிறது வேற ஒருத்தர். டேங்குக்கு இவ்வளவுன்னு கூலி பேசி அடிக்க வர்ற தம்பிங்கதான் நிறைய, கடைல சொன்ன எதுவும் அவங்க காதுக்கு போறதே இல்ல. பாட்டில் மேல இருந்தா அவங்க கண்ணுல படும். எங்க காட்டுக்கு அடிக்க வர்ற பையன் படிச்சுட்டு, "அண்ணே மூணு நாள் பறிக்கக் கூடாதுன்னு போட்ருக்கு, நாளன்னிக்கு பறிப்புன்னு அம்மா சொன்னாங்களே"ன்னு கேட்டான். பறிப்பை தள்ளி வச்சோம். பறிக்க வர்ற பொம்பளைங்களுக்கும் இது முக்கியம், அவங்கதான் மருந்து காயாத செடிக்குள்ள வெறுங்கையோட இறங்குறது, அவங்கள யாரும் கணக்குலயே எடுக்குறதில்ல.

டேங்க் கணக்கு தனிக் கதை. முன்னாடி எல்லாம் 10 லிட்டர் கைத்தெளிப்பான், எல்லா டோஸும் அந்தக் காலத்துல "டேங்குக்கு இத்தனை"ன்னு மனசுல பதிஞ்சது. இப்ப எல்லார் முதுகுலயும் 16 லிட்டர் பேட்டரி டேங்க், கணக்கு மட்டும் பழசு. எமாமெக்டின் குருணை கத்திரிக்கு ஏக்கருக்கு 80 கிராம், 200 லிட்டர் தண்ணில. அப்ப 10 லிட்டருக்கு 4 கிராம், 16 லிட்டருக்கு 6 கிராம் சொச்சம். 16 லிட்டர்ல 4 கிராம் போட்டா டோஸ் கம்மி, புழு அரை மயக்கத்துல எந்திரிச்சு உக்காந்துரும், "மருந்து கேக்கல"ன்னு அடுத்த தடவை டபுளா போடுவோம், அதுக்கும் அடுத்த தடவை கூட இன்னொரு மருந்தும் கலப்போம். புழு பழகிப்போறதே இப்படித்தான். எதிர்ப்பக்கமும் உண்டு, மூடி கணக்குல ஊத்துறவங்க ஒவ்வொரு பாட்டிலுக்கும் மூடி சைஸ் வேறங்குறதையே மறந்துட்டு கூடுதலா ஊத்திருவாங்க. இந்தக் கடையில அளவு போட்ட சின்ன பிளாஸ்டிக் கப்பு கேட்டா சும்மா குடுக்குறாரு. கேக்காம குடுக்கலாம்ல, அதுல என்ன கஞ்சத்தனம்.

மருந்து மாத்தி அடிக்கிற விஷயத்துலயும் தெளிவா சொல்றாரு. நாம மாத்துறது பாட்டிலத்தான். ஒரு கம்பெனி குளோரான்ட்ரானிலிப்ரோல் அடிச்சுட்டு அடுத்த வாரம் வேற கம்பெனி ஃப்ளூபென்டியமைடு அடிச்சா பேரு மாறுச்சு, விலை மாறுச்சு, ஆனா ரெண்டும் ஒரே குரூப்பு, புழுவுக்குள்ள ஒரே இடத்தைத்தான் தாக்குது. மாத்துறதுன்னா குரூப்பே மாறணும்னு போன தடவை வாங்குன பில்ல கொண்டாரச் சொல்லி பாத்துட்டு குடுக்குறாரு. பில்லுல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி எல்லாம் இருக்கு. துண்டுச்சீட்டுல எழுதித் தர்ற கடையில இதெல்லாம் கனவு, மருந்து போலின்னாலும் நம்ம கையில ஆதாரம் இருக்காது.

கத்திரிக்கு வாடுன கொழுந்த கிள்ளிப் போடச் சொல்றாரு, ஆண் அந்துப்பூச்சிய இழுத்துப் புடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டு அட்டை இதெல்லாமும் ஸ்டாக் வச்சிருக்காரு. பொறிக்குள்ள வைக்கிற மாத்திரை பழசா இருக்கானு மட்டும் தேதி பாத்து வாங்குங்க, அது வேகமா போற சரக்கு இல்ல.

"மோனோ இருக்கா"ன்னு கேட்டு இன்னும் ஆளு வருது. மோனோகுரோட்டோபாஸ்ங்குற அந்த கடும் விஷப் பூச்சிமருந்தை காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005லயே தடை, 2023ல அந்த 36 சதவீத சரக்கையே மொத்தமா நிறுத்த மத்திய அரசு ஆர்டர் போட்டுச்சு. போரேட், ட்ரையசோபாஸ் மாதிரி பழைய பூச்சிமருந்து எல்லாம் 2020 கடைசியோட தடையாகிப் போச்சு. இவரு இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாரு. வேற கடைல அடியில இருந்து எடுத்துத் தர்றாங்கன்னு பேச்சு இருக்கு, நான் கண்ணால பாக்கல. இங்க விளையுற காய்ல பெரும்பகுதி கேரளாவுக்குத்தான் போகுது, 2015ல அங்க தமிழ்நாட்டு காய்ல விஷம்னு கிளம்புன பிரச்சனை ஞாபகம் இருக்குறவங்களுக்கு தெரியும், ஒரு லோடு மாட்டுனா பேரு கெடுறது மொத்த மார்க்கெட்டுக்கும்தான்.

இப்ப பாதுகாப்பு கிட்டு. கையுறை, மாஸ்க், கண்ணாடி, பிளாஸ்டிக் ஏப்ரன் நாலும் ஒரு கவர்ல போட்டு விக்கிறாரு, வாங்கி பாத்தாச்சு. கையுறை நல்லா இருக்கு, நீலக்கலர் நைட்ரைல், முழங்கைக்கு பாதி வரைக்கும் வருது, குருணை கலக்கும்போதும் பாட்டில் திறக்கும்போதும் அதுதான் உயிரு, ஏன்னா தண்ணி கலக்காத மருந்து கையில படுறதுதான் இருக்குறதுலயே ஆபத்து. மாஸ்க் சுமார், தெளிப்பு தூறலை தடுக்கும், வாடையை தடுக்காது. கண்ணாடி பத்து நிமிஷத்துல ஆவி படிஞ்சு வரப்பே தெரியாம கால் இடறுது. ஏப்ரன் முன்பக்கம் மட்டும் மறைக்குது, ஆனா பேட்டரி டேங்க் ஒழுகுறது முதுகுல! நம்ம ஊர் வெயிலுக்கு அதை மாட்டிக்கிட்டு பத்து மணிக்கு மேல நின்னா மருந்து இல்லாமலே மயக்கம் வந்துரும். அதனால யாரும் போடுறதில்ல, அதுல ஆச்சரியமும் இல்ல. முழுக்கை சட்டை, பேன்ட், தலைக்கு துண்டு, காலுக்கு பூட்ஸ், காலைல வெயிலுக்கு முன்னாடி இல்லாட்டி சாயங்காலம், காத்துக்கு எதிரா தெளிக்காம இருக்குறது, டேங்க் வாஷர் ஒழுகுதான்னு முதல்ல வெறும் தண்ணி ஊத்தி பாக்குறது, இத பண்ணாலே பெரும்பாதி வேலை முடிஞ்சுது. லுங்கியோட ஈரச்செடிக்குள்ள நடந்தா தொடை முழுக்க மருந்துதான், தோல் வழியா உள்ள போறது மூக்கு வழியா போறத விட அதிகம்னு நிறைய பேருக்கு தெரியாது, எல்லாரும் மூக்கை மட்டும் துண்டால கட்டிக்கிட்டு அடிக்கிறாங்க. நாசில் அடைச்சா வாய வச்சு ஊதுறத எத்தனை தடவை சொன்னாலும் விட மாட்டேங்குறாங்க, பழைய டூத்பிரஷ் ஒண்ணு பையில போட்டு வச்சா போதும்.

2017ல மகாராஷ்டிராவுல யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்து அடிச்சவங்கள்ல 20 பேருக்கு மேல செத்தாங்க. செடி ஆள் உயரத்துக்கு வளந்து நின்னுது, கலவை மருந்து, வெக்கை, பாதுகாப்பு ஒண்ணும் இல்ல. நம்ம பந்தல் காய்க்கும் அதே கதைதான், புடலை பாகலுக்கு அண்ணாந்து அடிக்கும்போது மொத்தமும் மூஞ்சிலயும் கழுத்துலயும் இறங்குது. கிட்டுல நான் மாத்தணும்னா கண்ணாடிய தூக்கிட்டு நெத்தில இருந்து நாடி வரைக்கும் வர்ற பிளாஸ்டிக் ஷீல்டு வைக்கணும், பந்தல்காரங்களுக்கு ரொம்ப உதவும்.

கடைக்காரர் இன்னொண்ணும் சொல்வாரு, மருந்து அடிச்சவருக்கு வாய்ல எச்சில் ஊறி, வேர்த்துக் கொட்டி, கண்ணு மங்கி, கண்மணி சின்னதா சுருங்கி, தசை துடிச்சா மோர் குடுக்குறேன் முட்டை குடுக்குறேன்னு நிக்காதீங்க, சட்டைய கழட்டி சோப்பு போட்டு தண்ணிய ஊத்திட்டு 108 கூப்புடுங்க, மறக்காம பாட்டில கையில கொண்டு போங்கன்னு. எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் அட்ரோபின்ங்குற விஷமுறிவு ஊசி போடுறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும். எண்ணெய் கலந்த மாதிரி இருக்குற ஈ.சி. மருந்து வயித்துக்குள்ள போயிருந்தா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நுரையீரலுக்குள்ள போயிரும்.

சரி, குறைக்கு வர்றேன். ஓனர் இருந்தாத்தான் இதெல்லாம். அவரு சாப்பாட்டுக்கு போயிட்டாருன்னா கவுண்டர்ல ஒரு பையன் உக்காந்திருப்பான், எதை கேட்டாலும் "எல்லாத்துக்கும் கேக்கும்ணே"ன்னு ஒரே பதில், மார்க்கரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஓனர் கடைக்காரர்களுக்கான அந்த ஒரு வருஷ டேசி டிப்ளமோ முடிச்சு சர்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டிருக்காரு, படிப்பு சுவத்துல தொங்குது, மத்தியானம் ஒரு மணிக்கு அதுக்கு கீழ அந்தப் பையன்.

ரெண்டாவது, டானிக். புழு மருந்துக்கு இவ்வளவு சுத்தமா இருக்குற மனுஷன், பக்கத்து ரேக்குல "ஆர்கானிக்", "மூலிகை"ன்னு பேரு போட்ட பாட்டில்கள அடுக்கி வச்சிருக்காரு. எடுத்து பாத்தேன், முக்கோணமும் இல்ல, பதிவு நம்பரும் இல்ல, உள்ள என்ன இருக்குன்னும் இல்ல, ஆனா "புழு, செம்பேன், வெள்ளை ஈ அனைத்திற்கும்"னு போட்ருக்கு. பூச்சிய கொல்லுதுன்னா அது பூச்சிமருந்து, பதிவு இருக்கணும். கேட்டதுக்கு "கம்பெனிக்காரன் வச்சுட்டு போனான், கேக்குறவங்களுக்கு மட்டும் குடுப்பேன்"னாரு. இந்த பதில் எனக்கு சுத்தமா பிடிக்கல. அந்த ரேக்குக்காகவே ஒரு ஸ்டார் கட்.

மூணாவதுதான் பெருசு, கடன் கிடையாது. ரொக்கம் இல்லாட்டி ஜிபே. எனக்கு பிரச்சனை இல்ல, ஆனா ஒத்திக்கு ஓட்டுறவங்க, குத்தகைக்காரங்க, தக்காளி விலை கிலோ அஞ்சு ரூபாய்க்கு விழுந்தப்ப அடிபட்டவங்க எல்லாரும் கடன் குடுக்குற கடைக்குத்தான் போவாங்க, போயாகணும். அங்க கடன்ல நிக்கிறவன் "இந்த மூணாவது பாட்டில் எதுக்குங்க"ன்னு கேக்க முடியுமா? குடுத்தத வாங்கி கலந்து அடிக்கணும், காசு காய் வித்ததும் கழிச்சுக்குவாங்க. பறிப்பை ரெண்டு நாள் தள்ளி வைன்னு அவனுக்கு யாரு சொன்னாலும் கேக்குற நிலைமைல அவன் இல்ல. யாருக்கு இந்தக் கடைக்காரர் மார்க்கர் ரொம்ப தேவையோ அவங்க இந்தப் படி ஏறவே மாட்டாங்க. இவரையும் குத்தம் சொல்ல முடியல, முன்னாடி கடன் குடுத்து வராம போன பாக்கிதான் இப்படி ஆக்குச்சுன்னு சொன்னாரு.

விலை மத்த கடைய விட கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும், எம்ஆர்பில பெருசா குறைக்க மாட்டாரு. ஆனா தேவையில்லாத பாட்டில தலைல கட்டாததால மொத்த பில் குறையுது. காலி பாட்டில திருப்பி வாங்குற ஏற்பாடும் இல்ல, "மூணு தடவை அலசி அந்தத் தண்ணியயும் டேங்க்லயே ஊத்திட்டு, பாட்டில்ல ஓட்டை போட்டு கெணத்துக்கு தள்ளி புதைச்சுருங்க"ன்னு வாயால சொல்றாரு. எங்க ஓடைய பாத்தா எத்தனை பேரு கேக்குறாங்கன்னு தெரியும்.

பார்க்கிங் பைக்குக்கு ஓகே, மினி வேன் நிறுத்துனா பக்கத்து டீக்கடைக்காரர் சண்டைக்கு வருவாரு. சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, அன்னைக்கு ஓனருக்கு பேச நேரம் இருக்காது.

அஞ்சுக்கு மூணரை. பழனி, கள்ளிமந்தயம் பக்கம் இருந்து கூட ஒரு தடவை வந்து பாக்கலாம், காலைல 9ல இருந்து 12க்குள்ள வாங்க, பழைய பில்லும் சொத்தைக் காயும் கையில இருக்கட்டும். கிட்டு முழுசா வாங்காதீங்க, கையுறைய மட்டும் ரெண்டு ஜோடி தனியா கேளுங்க, குடுப்பாரு, ஒண்ணு அடிக்க வர்ற பையனுக்கு.